ரெஹானா வாங்கிய முதல் திட்டு

போன வாரம் என் கைப்பையின் வார் அறுந்துபோனது. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துவிட்டு, அவர் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தைத்து முடித்தவர், வார் விறைப்பாக இருக்கிறதென்று ஒரு துணியில் தேங்காயெண்ணெயைத் தொட்டு அழுத்தித் தேய்த்தார். பழைய தோலும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும். கண்முன்னால் சாலை இல்லை, பேருந்து இல்லை.

"இன்னாம்மா, அப்டியே குந்திகினு கீறீங்க? தச்சாச்சு" என்று அவர் பையை நீட்டும்வரை நான் வேறெங்கோ இருந்தேன்.

அது காலிபரின் வாசனை. நெய்வேலியில் காலிபர் என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஒர்க்‌ஷாப்பில் அளவு பார்க்கும் கருவிதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது காலில் மாட்டுவது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முழங்காலிலும் தோல் வார், அடியில் கனத்த பூட்ஸ். முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கும். நிற்கும்போது அதைப் போட வேண்டும், உட்காரும்போது எடுக்க வேண்டும். எடுக்காமல் உட்கார்ந்தால் கால் பீரங்கி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். வெயில் காலத்தில் தோல் வார் தொடையை அறுத்துவிடும் என்பதால் தினமும் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருஷங்களில் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள நேரம் இருந்ததில்லை. என் வகுப்புப் பிள்ளை ரெஹானாவின் காலிபருக்கு மட்டும் தவறாமல் வைத்தேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில்தான். மற்ற பெண்கள் பி.எட். படிக்கப் போனபோது, நான் உடலிலோ மனவளர்ச்சியிலோ தனிக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்குப் போனேன். அம்மாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை. "நல்லா இருக்க பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இங்க ஆளு இல்ல. நீ எதுக்குட்டி இதப் போயி படிச்சிட்டு நிக்கே?" என்பாள். எதற்கு என்று எனக்கும் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என்னால் முடியும் என்பதில் மட்டும் துளி சந்தேகம் இருந்ததில்லை. இருபத்து மூன்று வயதில் இருக்கிற தைரியம் அப்படி. இன்று அதில் பாதி இருந்தால்கூட மின்வாரிய அலுவலகத்துக்குத் தனியாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

வேலை கிடைத்த தொடக்கப்பள்ளி நகரியத்துக்குள்ளேயே, வேப்பமரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சாலையில் இருந்தது. ஒரு மாடி வைத்த கட்டடம். கீழே ஒன்றும் இரண்டும், மாடியில் மூன்று முதல் ஐந்து வரை. எனக்குக் கொடுத்தது கீழ்த்தளத்தில் கடைசி அறை. அதுவரை அதில் விளையாட்டு விழாச் சாமான்கள் கிடந்தன. சாக்குப் பந்தயத்துக்கான சாக்குகளே ஒரு ஆள் உயரத்துக்கு. அவற்றைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. ஓரிடத்தில் உட்காரவே மாட்டாத ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். சாக்குக்குள் காலை விட்டு அறையைக் குதித்துக் குதித்துச் சுற்றி வந்த பிறகுதான் அவனுக்கு அ, ஆ கண்ணில் படும். இப்போது அதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் சாக்கு இருந்தது, குதித்தோம்.

மற்ற ஆசிரியைகள் எனக்கு "கடைசி ரூம் டீச்சர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அந்த அறைப் பக்கம் யாரும் வரவும் மாட்டார்கள்.

ரெஹானா அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது. பிறக்கும்போது மூச்சு தாமதமாக வந்ததில் கை கால்கள் இறுகிப்போன குழந்தை. பேச்சு வாய்க்குள்ளேயே குழைந்து, ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு விட்டு வரும். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு டாக்டர், இந்தப் பிள்ளை பேசவே பேசாது என்று எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். அவளுடைய அத்தா அமானுல்லா பாய்க்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. சைக்கிள் பாரில் சின்னதாக ஒரு சீட் வைத்து, அதில் மகளை உட்காரவைத்து, தன் நெஞ்சோடு ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்து வருவார். முதல் ஷிப்ட் இருக்கிற வாரம் மட்டும் அவளுடைய அம்மா மும்தாஜ் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். மும்தாஜுக்கு மேல்பட்டாம்பாக்கம் சொந்த ஊர். அதிகம் பேசாதவர். குழந்தையை என் கையில் கொடுக்கும்போது எதையோ திருப்பி வாங்கிக்கொள்ளப்போகிறவர் மாதிரி ஒரு நிமிஷம் விடாமல் பிடித்திருப்பார்.

இரண்டு வருஷம் ரெஹானா என்னிடம் இருந்தாள். சிலேட்டு வழுக்காமல் இருக்க மேசைமேல் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். பென்சிலில் துணி சுற்றிப் பருமனாக்கினேன். அவள் எழுத்துக்கள் காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி இருக்கும். ஆனாலும் எழுதினாள், படித்தாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவள் ஒன்றும் மேதை இல்லை. இந்த மாதிரிக் குழந்தைகளைப் பற்றி எழுதும்போது கடைசியில் அவர்களை மேதையாக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ரெஹானா சராசரி. கணக்கு என்றால் வயிற்றுவலி வரும். வம்பு என்றால் காதைத் தீட்டிக்கொள்வாள். பக்கத்துப் பையனின் முறுக்கைத் தின்றுவிட்டு, "நான் இல்ல" என்று நிறுத்தி நிதானமாகப் பொய் சொல்லுவாள். அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடிக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்தால் முறுக்கைப் பறிகொடுத்தவனே நம்பிவிடுவான்.

என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மாடிப்படி தெரியும். பெல் அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தடதடவென்று இறங்கி வருவார்கள். ரெஹானா சோற்றை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர். நானும். மாடிக்குப் போவணும்."

அன்று சாயங்காலம் அழைத்துப்போக வந்த அமானுல்லா பாயிடம் சொன்னேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு யோசித்தார். "வூட்லயும் அதையே சொல்லிகினு இருக்கா டீச்சர். எனக்கும் ஆசதான். ஆனா இவ அம்மா வாணாங்குறா."

மறுநாள் மும்தாஜே வந்தார். "மத்த புள்ளைங்க இவ பேசறத கேட்டு சிரிக்குங்க டீச்சர். இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. இங்கயே இருந்துட்டுப் போவட்டுங்க" என்றார்.

"இங்கயே எத்தனை நாள் இருக்க முடியும்? எட்டு வயசுக்கு மேல இந்த ரூம்ல வச்சுக்க மாட்டாங்க. அப்புறம்?" என்று கேட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருந்த மாடிப்படியை அவரும் திரும்பிப் பார்த்தார்.

மும்தாஜை வராந்தாவில் நிற்கவைத்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பள்ளிக்கூடத்தில் எந்தக் குழந்தைக்கு முட்டி சிராய்த்தாலும் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். "படியில விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?" என்றார்.

"நான் தூக்கிட்டுப் போறேன் சார். நான் பதில் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம் என்றார். சரிவரவில்லை என்றால் பெற்றோர் கடலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும், அதற்கு அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் மும்தாஜ் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழந்தை அதுவரை ஒரு ராத்திரிகூட அம்மாவை விட்டுத் தூங்கியதில்லை.

அந்த ஜூன் மாதம் ரெஹானா மாடிக்குப் போனாள். காலையில் அமானுல்லா பாய் தூக்கிக்கொண்டு ஏறுவார். அவருக்கு ஷிப்ட் இருந்தால் நான். அவள் கனம் பாதி, காலிபர் கனம் பாதி. இன்று டாக்டர் என் இடுப்பு வலிக்குக் காரணம் கேட்கும்போதெல்லாம் நான் வயது என்று பொய் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு சரோஜா டீச்சர். பெயரைச் சொன்னாலே வராந்தா அமைதியாகிவிடும். சாக்பீஸை எறிந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனின் நெற்றிப்பொட்டில் போய் விழும். அவர் ரெஹானாவை எப்படி நடத்தப் போகிறாரோ என்று எனக்கு உள்ளூர உதறல். நான் பயந்ததற்கு நேர்மாறாக நடந்தது. சரோஜா டீச்சர் அவளைத் தங்கமாக வைத்துக்கொண்டார். எல்லாருக்கும் முன்னால் தனி நாற்காலி, தனி மேசை. பார்த்துக்கொண்டிருக்கப் படப் புத்தகம். கேள்வி கேட்க மாட்டார். வீட்டுப்பாடம் பார்க்க மாட்டார். போகும்போதும் வரும்போதும் தலையைத் தடவிவிட்டுப் போவார்.

ஜூலை பிறந்து, பண்ருட்டிப் பலாப்பழ வாசனை மெயின் பஜாரைவிட்டு அடங்கிய சமயம். மதியச் சோற்றுக்குக் கீழே தூக்கி வந்தேன். ரெஹானா வாயைத் திறக்கவில்லை, சோற்றுக்கும் சரி, பேச்சுக்கும் சரி.

"யாராவது சிரிச்சாங்களா?"

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"பின்னே?"

கண்ணில் தண்ணீர் முட்டியது. "டீச்சர். என்ன மட்டும். திட்டவே மாட்டேங்குறாங்க."

அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. அவளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், இன்னொரு கடைசி அறையை வகுப்புக்கு முன்னாலேயே போட்டு உட்காரவைத்திருக்கிறோம். அன்று மதியமே சரோஜா டீச்சரிடம் போனேன்.

"பாவம்மா அது. அதப் போயி எப்படித் திட்டறது? வாய் வருமா எனக்கு?" என்றார் அவர்.

"பாவம்னு நெனைக்காதீங்க டீச்சர். மத்த பிள்ளைங்க மாதிரியே நடத்துங்க. பெஞ்சுல உக்கார வைங்க. கேள்வி கேளுங்க. அவ பதில் சொல்ல நேரமாகும், அவ்வளவுதான்."

சரோஜா டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "நீ பாவாடை கட்டிகினு திரிஞ்ச காலத்துலயே நான் சாக்பீஸ் புடிச்சவ. எனக்கு நீ பாடம் எடுக்க வாணாம்." சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டார். அதோடு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஆனால் மறுநாள் நான் ரெஹானாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது தனி நாற்காலி இல்லை. இரண்டாவது பெஞ்சில் தேன்மொழி என்ற பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

தேன்மொழி யாரென்று சொல்ல வேண்டும். கேன்டீனில் வேலை பார்க்கிறவரின் மகள். வகுப்பிலேயே பெரிய வாயாடி. ரெஹானா ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். தேன்மொழி ஓட மாட்டாள். ஏனென்றால் ரெஹானா மூச்சு வாங்கும் இடைவெளியிலெல்லாம் அவள் தன் கதையைச் சொல்லிக்கொள்ளலாம். இருவருக்கும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

செப்டம்பரில் ஒருநாள், மதிய பெல் அடிக்கப் போகும் நேரம். ரெஹானாவைக் கீழே கொண்டுவர மாடி ஏறி வாசலோரம் நின்றிருந்தேன். சரோஜா டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாவது பெஞ்சில் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் ஒரு சிரிப்பு. குழைந்து, விக்கல் மாதிரி வெடிக்கும் அந்தச் சிரிப்பை யார் சிரிப்பென்று சந்தேகப்பட முடியாது.

டீச்சர் திரும்பினார். "ரெஹானா! எழுந்திரு!"

கத்திய பிறகுதான் தான் யாரைப் பார்த்துக் கத்தினோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. சாக்பீஸ் பிடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் உள்ளே ஓடிப்போய்த் தூக்கலாமா என்று ஓரடி எடுத்து வைத்தேன். ஆனால் ரெஹானா என்னைப் பார்க்கவே இல்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். ஒரு காலை நீட்டினாள், பூட்டு விழுந்தது. இன்னொரு காலை நீட்டினாள், அந்தப் பூட்டும் விழுந்தது. முகமெல்லாம் வியர்க்க, உடம்பு ஆட, எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன பேச்சு கிளாஸ்ல?" என்றார் சரோஜா டீச்சர். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

ரெஹானா வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வரவில்லை. பெல் அடித்தது. பக்கத்து வகுப்புகள் எல்லாம் தடதடவென்று இறங்கிப் போயின. மூன்றாம் வகுப்பு மட்டும் அசையவில்லை. சரோஜா டீச்சர் காத்துக்கொண்டு நின்றார். இந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர். பொடவய. உள்ள வெளிய. மாத்திக் கட்டிகினு. இருக்காங்கன்னு. சொன்னேன்."

டீச்சர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அவசரத்தில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம். பூவெல்லாம் உள்பக்கம், நூலெல்லாம் வெளிப்பக்கம். வகுப்பு வெடித்துச் சிரித்தது. வாசலில் நின்ற நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சரோஜா டீச்சருக்கு வந்த கோபத்தில் பாவம், பரிதாபம் எல்லாம் பறந்துபோயிற்று.

"வாய்! உனக்கு வாய் ரொம்ப நீளம்! நாளைக்கு உங்க அத்தாவ கூட்டிகினுதான் கிளாசுக்குள்ள வரணும், சொல்லிட்டேன்!"

படியில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ரெஹானாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. "டீச்சர். என்னத் திட்டிட்டாங்க" என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

விஷயம் தெரியாத அமானுல்லா பாய்தான் தவித்துப்போனார். மறுநாள் ஷிப்டுக்கு மாற்று ஆள் சொல்லிவிட்டு, சுரங்கத்துக்குப் போகும் காக்கிச் சட்டையோடேயே வந்து நின்றார். விடுதிக்கு எழுதிக் கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பின்னால் மும்தாஜ், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு.

சரோஜா டீச்சர் எந்த முன்னுரையும் இல்லாமல் ஆரம்பித்தார். "பாய், உங்க பொண்ணு கிளாஸ்ல ஓயாம பேசுது. சொன்னா கேக்கறதில்ல. கெக்கெக்கேனு சிரிப்பு வேற. கண்டிச்சு வைங்க."

அமானுல்லா பாய்க்கு முதலில் காது கேட்கவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓயாம பேசுதா டீச்சர்? என் பொண்ணா?"

"பின்னே? ரொம்ப வாய்."

"ரொம்பவா?" காக்கிச் சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இந்தப் புள்ள பேசாதுன்னு எழுதிக் குடுத்தாங்க டீச்சர். நல்லாத் திட்டுங்க. நல்லா ரெண்டு போடுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மும்தாஜ் மட்டும் முந்தானையை எடுக்கவே இல்லை, ஆனால் தோள்கள் குலுங்கியதில் அவரும் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண்டிக்கக் கூப்பிட்ட சரோஜா டீச்சர் என்ன செய்வதென்று தெரியாமல் மேசை மேலிருந்த டஸ்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு எல்லாம் சுபமாக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரையாண்டில் ரெஹானா கணக்கில் பெயில். தலைமை ஆசிரியர் என்னையும் சரோஜா டீச்சரையும் கூப்பிட்டார். விடைத்தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "நான் சொன்னேன்ல? அதுக்கும் சிரமம், நமக்கும் சிரமம்" என்றார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு பேசத் தயாரானேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த வாதங்கள் வரிசையாக இருந்தன. அதற்குள் சரோஜா டீச்சர் முந்திக்கொண்டார்.

"என் கிளாஸ்ல கணக்குல பெயிலான பசங்க ஒரு பெஞ்சு நெறைய இருக்காங்க சார். அவங்கள எந்த ஆஸ்டலுக்கு அனுப்பப் போறீங்க?"

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்புறம் இன்னொன்னு. எனக்கு முட்டி வலிக்குது. மாடி ஏற முடியல. மூணாங் கிளாஸக் கீழ போட்டுட்டு ரெண்டாங் கிளாஸ மேல மாத்துங்க. அதுங்க சின்னதுங்க, துள்ளிகினு ஏறும்."

அவருக்கு முட்டியும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை. தினமும் பால்காரரோடு சண்டை போட சைக்கிளில் போகிறவர். தலைமை ஆசிரியருக்கும் அது தெரியும். ஆனால் ரெஹானாவை இனிப் படியில் தூக்கிப்போக வேண்டாம் என்ற யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது, விடுதிப் பேச்சை அதோடு விட்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்த அன்று பெஞ்சுகள் இறங்கின. ஒரு பெஞ்சுக்கு நாலு பிள்ளைகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கட்டடமே அதிர்ந்தது. ரெஹானா கீழே வராந்தாவில், பூட்டுப் போட்டு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, எந்த பெஞ்சு எங்கே போக வேண்டும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கட்டளையைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பெஞ்சுகள் போய்விடும். அவள் விடவில்லை. சரோஜா டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று, ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினார். "வாயப் பாரு அதுக்கு" என்றார்.

அதற்கப்புறம் நான் அந்த அறையில் வெகுகாலம் இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் ஒருவரோ இருவரோ அங்கிருந்து வேறு வகுப்புகளுக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலருக்கு அந்த அறைதான் சரியாக இருந்தது, அதிலும் எனக்குக் குறையில்லை. நான் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, எல்லாரையும் போல வடக்குத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தேன். பெர்மனென்ட் வேலைக்காரர்கள் குறையக் குறைய, எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களில் விளக்கு குறைந்தது. பிள்ளைகளும் குறைந்தார்கள். பள்ளியை மூடிவிட்டு மிச்சம் இருந்தவர்களை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சரோஜா டீச்சர் இல்லை. அமானுல்லா பாயும் இல்லை. முன்பு ஷிப்ட் முடிந்ததும் சாலையை அடைத்துக்கொண்டு வரும் சைக்கிள் கூட்டம், அதுவும் இல்லை. இப்போது பள்ளிகளில் சாய்தளம் கட்டுகிறார்கள், பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் பள்ளி பள்ளியாகப் போய் வருகிறார் என்கிறார்கள். எங்களிடம் இல்லாதது அவர்களிடம் இருக்கிறது. நல்லதுதான்.

இந்தக் கோடையில் ரெஹானா வந்திருந்தாள். பின்னால் இரண்டு உபரிச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தானே ஓட்டிக்கொண்டு. அங்கே மாமாவின் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறாளாம். கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. பேச்சு இன்னும் அதே இடைவெளிகளோடுதான் வருகிறது, ஆனால் நிற்பதில்லை. புடவைக் கதையைச் சொன்னாள். தேன்மொழிக்கு இரண்டு பையன்கள் என்றாள். பெஞ்சு இறக்கியதை, நான் மூச்சு வாங்க அவளைத் தூக்கிப் படியேறியதை, எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் கேட்டேன். "கடைசி ரூம்ல ஜன்னலோரம் உனக்கு ஒரு மேசை போட்டிருந்தேனே, சைக்கிள் டியூப் எல்லாம் ஒட்டி. ஞாபகம் இருக்கா?"

ரெஹானா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"எந்த ரூம் டீச்சர்? நான் மொதல்லேந்தே. சரோஜா டீச்சர் கிளாஸ்தான."

இரண்டு வருஷம். அந்த அறையின் சுவரும் சாக்குகளும் மண்ணோடு போனது எனக்குத் தெரியும். அவளுக்குள்ளிருந்தும் அது போய்விட்டது என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு கணம் நெஞ்சில் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். அடுத்த கணமே, அந்த வேலையை நான் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

"ஆமாம்மா. மொதல்லேந்தே அங்கதான்" என்றேன்.